வாசிக்கப்படாத முதல் பெயர்

மலாபா எல்லை
14 மார்ச் 2017

நக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்பு இல்லை. மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்கு நான் இங்கே, எல்லைக்கு முன்னால் உள்ள லாரி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நாலு கிலோமீட்டருக்கு லாரிகள். போனை வண்டியின் ஒலிபெருக்கியில் செருகி, இணையத்தில் உன் வானொலி நிலையத்தைப் போட்டிருந்தேன். நான் தினமும் அப்படித்தான் செய்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. மொம்பாசாவில் சரக்கு ஏற்றி, இந்த எல்லையில் வண்டியை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, அவன் கொண்டுவரும் காலி வண்டியோடு திரும்பும் ஓட்டம் என்னுடையது. நாலு வருடமாக உகாண்டா மண்ணில் கால் வைக்கவில்லை. ஆனால் மசாகா பக்கத்தில் யார் எப்போது செத்தார், எத்தனை மணிக்கு அடக்கம் என்பது எனக்கு அத்துப்படி. எல்லாம் நீ வாசித்துக் கேட்டதுதான்.

இணையத்தில் வரும் வானொலி நாற்பது நொடி பின்தங்கி வரும். உங்களுக்கெல்லாம் செத்துப்போன ஒருவர் எனக்கு மட்டும் இன்னும் நாற்பது நொடி உயிரோடு இருப்பார். இந்தச் சலுகையை நான் இதுவரை பெரிதாக எண்ணியதில்லை.

"கிதாங்காவைச் சேர்ந்த லெயோன்சியோ கிகோசி" என்றாய். பக்கத்து லாரி ஓட்டும் கத்தெரேகா சுட்ட வாழைப்பழம் வாங்கி வந்து என் படியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். அவனும் நம் பக்கத்துக்காரன்தான்.

"டேய், அது உங்கப்பா பேருடா" என்றான்.

"தெரியும். கேளு."

கேட்டோம். அப்பாவுடன் பிறந்தவர்கள் வந்தார்கள். பிறகு பிள்ளைகள்: தெரேசியா, பொலிகார்ப், மாக்சென்சியா நக்கு. அடக்கம் நாளை மாலை நாலு மணிக்கு. அடுத்து லுகாயாவில் ஒரு கிழவி.

"உன் பேர் வரலியே" என்றான் கத்தெரேகா. "ஒருவேளை கடைசியில போட்டிருப்பாங்களோ?"

"மூத்தவன் எப்படிடா கடைசியில வருவான்?"

"அப்ப நீ யாரு?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் வண்டியை இருபதடி முன்னால் நகர்த்தினேன். வரிசை நகர்ந்திருந்தது.

இங்கிருந்து கிதாங்கா ஒரு பகல் பயணம். அடக்கத்துக்கு வந்திருக்கலாம். ஆனால் எனக்கு யாரும் இழவு சொல்லவில்லை. இழவு சொல்லப்படாதவன் போய் நின்றால் அவன் விருந்தாளி. அப்பாவின் குழிக்கு விருந்தாளியாகப் போக எனக்கு விருப்பமில்லை. இரண்டு நாள் வானொலியைக்கூடப் போடாமல் லாரியிலேயே படுத்திருந்தேன்.

என் பெயரை எடுத்தது யார்? குலத்துப் பெரியவர்களா, சித்தப்பாவா, நீயா? இதைப் போனில் கேட்டிருக்கலாம். போன் பாதியில் அறுந்தால் அறுத்தது நீயா கம்பெனியா என்று தெரியாது. காகிதத்தில் அந்தக் குழப்பமில்லை. பதில் எழுதினால் மலாபாவில் நெக்கேசா அக்காவின் சாப்பாட்டுக் கடைக்கு அனுப்பு. பஸ்காரர்களுக்குத் தெரியும்.

வலுசிம்பி


மசாகா
20 மார்ச் 2017

மதிப்புக்குரிய அண்ணன் கோன்சாகா வலுசிம்பி அவர்களுக்கு,

தங்கை நக்குவின் வணக்கம். கடிதத்தால் மண்டியிட்டு வணங்க முடியாது. மண்டியிட்டதாகவே எடுத்துக்கொள்ளவும். எப்படி இருக்கிறீர்கள்? ரோடு எப்படி இருக்கிறது? உடன் இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள்? இங்கே இருக்கிறோம்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. உங்கள் பெயரை யாரும் எடுக்கவில்லை. நெட்வொர்க் கோளாறு. ஸ்டுடியோவிலிருந்து மலை மேல் உள்ள கோபுரத்துக்கும், இணையத்துக்கும் ஒரே கம்பெனியின் இணைப்புத்தான் போகிறது. அன்று ஒரு மணிக்கு அது சில நொடிகள் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் வாசிக்கப்பட்டது உங்கள் பெயர். ஊரிலும் யாரும் கேட்கவில்லை. சித்தப்பா அன்று மாலையே நிலையத்துக்கு வந்து சத்தம் போட்டார். மேலாளர் மயாஞ்சா அவரை உட்கார வைத்து இதையே விளக்கினார். மறுநாள் நிலையம் காற்றில் வருத்தம் தெரிவித்தது. கம்பெனியும் ஏற்பட்ட இடையூறுக்கு வருந்துவதாக வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் குறுஞ்செய்தி அனுப்பியது. இதற்கு முன்பு மூன்று நாள் தொடர்ந்து இணைப்பு இல்லாதபோதுகூட அவர்கள் வருந்தியதில்லை.

அடக்கம் நல்லபடி நடந்தது. மழை இல்லை. பதினான்கு மரப்பட்டைத் துணிகள் வந்தன. எல்லாவற்றையும் அப்பாவோடு வைத்தோம். பங்குச் சாமியார் நீளமாகப் பேசினார். அப்பா இருந்திருந்தால் பாதியில் இருமியிருப்பார்.

சாவு கலைக்கும் சடங்கு ஜூனில் வைக்கலாம் என்கிறார்கள். அப்பாவின் உயிலைக் குலத்தார் அன்றுதான் பிரிப்பார்கள், ஆனால் அதில் என்ன இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மரப்பட்டைத் துணியைத் தோளில் கட்டி, ஈட்டியைக் கையில் கொடுத்து, வாரிசாக வாசலில் நிறுத்த வேண்டியது உங்களைத்தான். வாரிசுக்குத் துணையாகச் சகோதரி நிற்கும் லுபுகா இடத்தில் நிற்க என்னைச் சொல்லியிருக்கிறார்கள். தெரேசியாவுக்குக் கால் வலி.

ஆகவே நீங்கள் வர வேண்டும். நெட்வொர்க் செய்த தவறுக்குக் குடும்பத்தைத் தண்டிக்க வேண்டாம்.

பணிவுடன்,
மா. நக்கு
அறிவிப்பாளர்


ம்திட்டோ அந்தேய்
29 மார்ச் 2017

நக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். வானொலியில் வாசிக்கும் அளவுக்கு நன்றாக இருந்தது. அதுதான் சந்தேகம் தந்தது.

நெட்வொர்க் பற்றி நீ எனக்குச் சொல்லாதே. இந்த ஆயிரம் கிலோமீட்டரில் எந்த வளைவில் உன் குரல் போகும், எந்தப் பெட்ரோல் பங்கில் திரும்ப வரும் என்பது எனக்குத் தெரியும். வோய் தாண்டி யானைக்காட்டுக்குள் நீ போய்விடுவாய். இந்த ஊருக்கு மூன்று மைல் இருக்கும்போது வருவாய். திம்போரோவா மேட்டில் பனி விழுந்தால் நாலைந்து பேரைச் சாகடித்த பிறகுதான் மறுபடி கேட்பாய். எத்தனையோ அடக்கங்களின் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன். செத்தவர் யார் என்று தெரியும், எங்கே என்று தெரியாது. இல்லையென்றால் எங்கே என்று தெரியும், யார் என்று தெரியாது.

ஆக, நெட்வொர்க் போனால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல் நடுவில் வெட்டுப்படும். பிறகு ஒன்றுமே இருக்காது. காற்றுகூட இருக்காது. திரும்ப வரும்போது ஏதோ ஒரு சொல்லின் வாலில் வந்து விழும்.

அன்று அப்படி இல்லை. "பிள்ளைகள்" என்றாய். பிறகு மூச்சு இழுத்தாய். பிறகு "தெரேசியா" என்றாய். அந்த மூச்சு எனக்குக் கேட்டது நக்கு. நெட்வொர்க் போயிருந்தால் மூச்சு எப்படிக் கேட்கும்?

இன்னொன்றும் சொல்கிறேன். நாலு வருடமாக நீ ஊர்ப் பெயருக்குப் பிறகுதான் மூச்சு விடுவாய். "பிள்ளைகள்" என்பதற்குப் பிறகு ஒருநாளும் விட்டதில்லை. பதினாறு பிள்ளைகள் உள்ளவருக்குக்கூட ஒரே இழுப்பில் வாசித்திருக்கிறாய்.

கத்தெரேகாவிடம் இதைச் சொன்னேன். "நீ இழவு கேட்டியா, இல்ல தங்கச்சிக்கு வைத்தியம் பார்த்தியா?" என்றான். அப்புறம் அவனே, "ஆமாடா, மூச்சு வந்துச்சு" என்றான்.

ஆகையால் தாளில் என் பெயர் இல்லை, அல்லது இருந்தும் நீ வாசிக்கவில்லை. தாளில் இல்லை என்றால் எழுதியது யார் என்று சொல். குலத்தார் என்னை விலக்கியிருந்தால் நல்லது. ஈட்டியைப் பொலிகார்ப் பிடித்துக்கொள்ளட்டும். அவன் ஊரிலேயே இருக்கிறான், காப்பித் தோட்டம் பார்க்கிறான், கையும் பெரிது. ஜூனில் நான் வர மாட்டேன். எதற்கு வர வேண்டும் என்று யாராவது எனக்கு நேராகச் சொல்லும்வரை வர மாட்டேன்.

வலுசிம்பி


மசாகா
8 ஏப்ரல் 2017

அண்ணா,

தாளில் உன் பெயர் இருந்தது. முதல் பெயராக இருந்தது. நான்தான் வாசிக்கவில்லை.

சொல்லிவிட்டேன். இனி மற்றதை எழுதுவது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் இந்தப் பத்தியை மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபரில் அப்பாவுக்கு வயிற்றில் நீர் கோக்கத் தொடங்கியது. அப்போதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து நான் கிதாங்கா போய், உனக்குப் போன் போட்டு அவர் காதில் வைப்பேன். உனக்கு நினைவிருக்கும். நவம்பரில் நீ எல்டோரெட்டில் இருந்தாய். "அப்பா, இங்க நெட்வொர்க் இல்லப்பா, கேக்கல" என்றாய். கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு நைவாஷா. "நெட்வொர்க் போகுதுப்பா." அப்பா அதை நம்பினார். பார்க்க வருகிறவர்களிடம் உன்னைப் பற்றிக் குறை சொல்லவே இல்லை. கென்யாவைத்தான் சொன்னார்.

"அந்த நாட்டுல டவரே கெடையாது போல. அவ்ளோ பெரிய துறைமுகம் வெச்சிருக்காங்க, ஒரு டவர் வைக்க மாட்டேங்குறாங்க. எப்பிடித்தான் இருக்காங்களோ, பாவம்."

பங்குச் சாமியார்கூட ஒருநாள் கென்ய மக்களுக்காக வேண்டிக்கொண்டார்.

ஜனவரி எட்டாம் தேதி ஞாயிறு நீ எடுக்கவே இல்லை. புதன்கிழமை நான் லீவு போட்டு அப்பாவோடு இருந்தேன். வானொலியை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். எங்கள் நிலையத்தில் கிசிட்டோ வெளியூர்க்காரர்கள் அனுப்பும் செய்திகளை வாசிக்கிற நிகழ்ச்சி. துபாயிலிருந்து யாரோ, ஜூபாவிலிருந்து யாரோ. பிறகு வாசித்தான்: "வோய் ஊரிலிருந்து லாரி ஓட்டுநர் கோன்சாகா வலுசிம்பி எழுதுகிறார். நான் தினமும் உங்களைக் கேட்கிறேன். இங்கே கண்ணாடி மாதிரித் தெளிவாகக் கேட்கிறது."

கிசிட்டோ உனக்கு நன்றி சொல்லி ஒரு பாட்டும் போட்டான்.

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவர் பாட்டை முடியும்வரை கேட்டார். பிறகு, "டவர் போட்டுட்டாங்க போல" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு உனக்குப் போன் போடச் சொல்லவில்லை. நானாகப் போடட்டுமா என்று கேட்டபோதும், "வண்டி ஓட்டிட்டிருப்பான், விடு" என்றார்.

பிப்ரவரியில் தன் இரங்கல் தாளை அவரே சொல்ல நான் எழுதினேன். 'அன்பான' என்று ஆரம்பித்தேன். "அதை எடு. கேக்குறவங்களுக்கு என்னைத் தெரியும்" என்றார். பிள்ளைகள் என்று வந்ததும், "வலுசிம்பி, என் வாரிசு" என்றார். எழுதினேன். அவர் சொன்னதைத்தான் எழுதினேன் என்று உறுதிசெய்ய வாங்கிப் பார்த்தார்.

சொந்த வீட்டு இழவை அறிவிப்பாளர் வாசிக்கக் கூடாது என்பது நிலையத்தில் வழக்கம். நான் பிடிவாதம் பிடித்து வாசித்தேன். உன் பெயரைச் சொல்லத்தான் மூச்சு இழுத்தேன். வெளியே வந்தது தெரேசியா. முன்பே திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் வாய் தவறியும் செய்யவில்லை. வாசித்து முடித்த பிறகும் ஒரு நிமிடம் இருந்தது. திரும்ப வாசித்திருக்கலாம். லுகாயாக் கிழவியை எடுத்துக்கொண்டேன். மயாஞ்சா ஓடி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டபோது, நெட்வொர்க் என்றேன். அந்தச் சொல் அவ்வளவு வசதியாக வாயில் இருந்தது.

செத்தவர் எழுதிவைத்த தாளை மாற்றி வாசித்தவள் நான். ஆறு வருடத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றியதில்லை.

எதற்கு வர வேண்டும் என்று நேராகச் சொல்லக் கேட்டிருந்தாய். அவர் உன்னைத்தான் சொன்னார். தெரிந்த பிறகும் உன்னைத்தான் சொன்னார்.

நக்கு


நைவாஷா
27 ஏப்ரல் 2017

நக்கு,

அந்தச் செய்தியை உனக்குத்தான் அனுப்பினேன்.

உன் எண்ணுக்கு அனுப்பினால் நீ ஏதாவது கேட்பாய். நிலையத்துக்கு அனுப்பினால் உன் மேஜைக்கு வரும், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும், பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். கிசிட்டோ என்று ஒருவன் இருக்கிறான் என்பதை யோசிக்கவில்லை. அப்பா அந்த நேரத்தில் கேட்பார் என்பதையும் யோசிக்கவில்லை. அவர் செய்தி அறிக்கை மட்டும்தான் கேட்பார்.

எல்டோரெட்டில் நெட்வொர்க் இருந்தது. நைவாஷாவிலும் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அப்பா ஒவ்வொரு முறையும் காப்பியைப் பற்றிப் பேசுவார், மழையைப் பற்றிப் பேசுவார், பிறகு "எப்ப வர்ற?" என்பார். வந்தால் அவர் போகப் போகிறார் என்று நானும் ஒப்புக்கொண்டதாகும் என்று நினைத்தேனோ என்னவோ. இதை இப்போது எழுதும்போது நியாயமாகத் தெரிகிறது. அப்போது நான் எதுவும் நினைக்கவில்லை. நெட்வொர்க் இல்லை என்று சொன்னேன், வைத்தேன், உன் நிலையத்தைப் போட்டேன். நீ யார் யாரோ செத்ததை வாசித்தாய். அதில் அவர் பெயர் வரவில்லை என்றதும் நிம்மதியாக வண்டியை எடுத்தேன். தினமும் அதற்காகத்தான் கேட்டேன் என்று தோன்றுகிறது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்படலாம் என்று முயன்று பார்த்தேன். நீ செய்ததைக் கேட்டால் கத்தெரேகாகூட உன் பக்கம்தான் நிற்பான். அதனால் அவனிடம் சொல்லவில்லை.

ஈட்டியைப் பொலிகார்ப்பிடம் கொடுங்கள். அப்பா சொன்னது அப்பாவின் பெரிய மனசு. அந்த வாசலில் நின்று ஊரைப் பார்க்க எனக்கு முகம் இல்லை. மூத்தவன் பெயர் நெட்வொர்க்கில் போய்விட்டது என்றே ஊர் நினைத்துக்கொள்ளட்டும். எல்லோருக்கும் சௌகரியம்.

வலுசிம்பி


மசாகா
20 மே 2017

அண்ணா,

எல்லோருக்கும் சௌகரியம் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு மறுநாள் மயாஞ்சாவிடம் போனேன். நான்தான் பெயரை விட்டேன், திருத்தம் வாசிக்க வேண்டும் என்றேன். அவர் கதவைச் சாத்தினார்.

"ஞாபோ, இப்ப உண்மையச் சொன்னா யாருக்கும்மா லாபம்?"

"எங்கண்ணனுக்கு."

"அவர் நமக்கு விளம்பரம் குடுக்குறாரா?"

"இல்ல."

"கம்பெனி குடுக்குது. அவங்க செய்யாத தப்புக்கு வருத்தம் தெரிவிச்சிருக்காங்க. ஒரு கம்பெனி மனுசன் மாதிரி நடந்துக்கறது எவ்ளோ அபூர்வம். அதப் போயி கெடுக்கணுமா?"

சித்தப்பாவைக் கூப்பிட்டார். சித்தப்பா என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். கம்பெனி அவருக்கு ஒரு வருத்தக் கடிதமும் பெரிய மஞ்சள் குடையும் கொடுத்து அனுப்பியிருக்கிறது. குடையோடுதான் வந்தார்.

"பேரு போனது போச்சு, கம்பெனிக்காரன் மன்னிப்புக் கேட்டுட்டான், குலத்துக்கு மரியாதை. நீ இப்ப நெட்வொர்க் இல்ல, நாந்தான்னு சொன்னா குடையத் திருப்பிக் கேப்பான்ல?"

"கேட்டா குடுத்துடுங்க."

"மழைக்காலத்துலயா?"

இதற்கிடையில் கம்பெனியின் ஆட்கள் மலை மேல் ஏறி, கெடாத இணைப்பைச் சரிசெய்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து தினமும் ஒரு மணி சுமாருக்கு அது நிஜமாகவே விட்டுவிட்டு வருகிறது.

செவ்வாய்க்கிழமை பதினாறாம் தேதி யாரையும் கேட்காமல் வாசித்தேன். காற்றில் போனது போனதாக இருக்குமோ தெரியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்:

"ஒரு திருத்தம். மார்ச் ஒன்பதாம் தேதி வாசிக்கப்பட்ட கிதாங்கா லெயோன்சியோ கிகோசியின் இரங்கல் அறிவிப்பில் ஒரு பெயர் விடுபட்டது. அவருடைய பிள்ளைகள்: கோன்சாகா வலுசிம்பி, வாரிசு, தெரேசியா, பொலிகார்ப், மாக்சென்சியா நக்கு. பெயர் விடுபட்டதற்கு நெட்வொர்க் காரணமில்லை. வாசித்தவர் காரணம். வாசித்தவர் நான்."

மயாஞ்சா கத்தவில்லை. என்னை ஒலிவாங்கியிலிருந்து எடுத்து வெளிக்கூடத்து ஜன்னலில் போட்டுவிட்டார். இழவுத் தாள் கொண்டுவருகிறவர்களிடம் தாளை வாங்கி, எழுத்துப் பிழை பார்த்து, முத்திரை குத்தி உள்ளே அனுப்புவது என் வேலை. வாசிப்பது இனி கிசிட்டோ. ஆகவே ரோட்டில் உனக்கு என் குரல் வராது. தாள் சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன். ஜனங்கள் என்னைப் பார்த்ததும் தாளை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

இங்கே ஊரில் எல்லோருக்கும் இப்போது தெரியும். வாசலில் முகம் காட்ட வேண்டிய கூச்சம் இனி உனக்கு மட்டும் இல்லை. எனக்கும் இருக்கிறது, ஆனாலும் நான் நிற்பேன்.

சடங்கு ஜூன் 17, சனிக்கிழமை. நீ வராவிட்டால் குலத்தார் பொலிகார்ப்புக்குத் துணியைக் கட்டுவார்கள். அவனுக்கு அதில் இஷ்டமில்லை, "அண்ணன் இருக்கிறப்ப நான் என்ன பொம்மையா?" என்கிறான். கட்டினால் நிற்பான். நானும் அவன் பக்கத்தில் நிற்பேன். அதற்குப் பிறகு சாவு கலைந்தது என்று சொல்லி எல்லோரும் சாப்பிடுவோம். ஒருமுறை கட்டினால் திருப்பிக் கட்ட முடியாது.

வா என்று நான் சொல்லவில்லை. அப்பா போனில் கேட்டது அதைத்தான், நீ பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை நானும் கேட்டு உனக்கு இன்னொரு நெட்வொர்க் தேடும் வேலை வைக்க மாட்டேன்.

இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

நக்கு


மசாகா
15 ஜூன் 2017, வியாழன்

நக்கு,

ஊரின் பெயரைப் பார்த்திருப்பாய்.

வண்டியின் சாவியை மலாபாவில் கொடுத்துவிட்டு வந்தேன். கத்தெரேகா பஸ் வரைக்கும் பெட்டியைத் தூக்கி வந்தான். "போயி நில்லு. நின்னா போதும், பேச வேண்டியதில்ல" என்றான். அவனுக்குச் சடங்கு தெரியாது என்று நினைக்கிறேன். வாரிசு பேசத்தான் வேண்டும்.

நீ திருத்தம் வாசித்ததை நான் முழுதாகக் கேட்கவில்லை. அந்தச் செவ்வாய் ஒரு மணிக்கு ம்திட்டோ அந்தேயில் இருந்தேன். "அவருடைய பிள்ளைகள்" வரை கேட்டது. பிறகு சொல் நடுவில் வெட்டுப்பட்டு, ஒன்றுமே இல்லாமல், "வாசித்தவர் நான்" என்பதில் வந்து விழுந்தது. இதை நீ நம்ப வேண்டும் என்று நான் எதிர்பார்க்க முடியாது. நீ எழுதி அனுப்பியதால்தான் என் பெயர் அதில் இருந்தது தெரியும்.

இதை உன் நிலையத்தின் வெளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னலுக்குள் உன் கை மட்டும் தெரிகிறது. தாளை வாங்குகிறது, முத்திரை குத்துகிறது. "கையெழுத்து யாருது, ஸ்ஸெபோ?" என்று நீ ஒரு பெரியவரிடம் கேட்டாய். வானொலியில் இருப்பதைவிட உன் குரல் சின்னதாக இருக்கிறது. நாற்பது நொடி தாமதமும் இல்லை. நான் பயந்துபோய் அரை மணி நேரம் பெஞ்சில் எனக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் விட்டேன்.

அதற்குள் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் கையில் இந்தத் தாளைப் பார்த்துவிட்டார்.

"யாருப்பா போனது?"

"எங்கப்பா, ஞாபோ."

"ஐயோ பாவம். எப்ப?"

"மார்ச்சுல."

"இப்பத்தான் சொல்ல வர்றியா?"

"ஆமா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க வீட்டுக்காரர் நேத்துக் காலைல போனாரு. நான் இன்னைக்கு வந்துட்டேன்" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார். பிறகு, "பரவால்ல, தம்பி. எழுதியிருக்கியா? பிள்ளைங்க பேரெல்லாம் போட்டியா? ஒண்ணு விட்டாலும் அப்புறம் சண்டை வரும்" என்றார்.

போட்டிருக்கிறேன் என்றேன்.

எனக்கு இழவு சொல்ல யாரும் வரவில்லை என்று மார்ச்சில் எழுதினேன். நானும் யாருக்கும் சொல்லவில்லை. மூத்த மகன் சொல்ல வேண்டியது அது. சித்தப்பா சொன்னார், நீ வாசித்தாய், கம்பெனிகூடத் தன் பங்குக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது. நான் மட்டும் சொல்லவில்லை. ஆகவே இப்போது, முறைப்படி, உனக்குச் சொல்கிறேன்: மாக்சென்சியா நக்கு, நம் அப்பா லெயோன்சியோ கிகோசி இறந்துவிட்டார். மார்ச் எட்டாம் தேதி, கிதாங்காவில், தன் வீட்டில். நான் அங்கே இல்லை.

அந்த அம்மாவைக் கூப்பிட்டாயிற்று. எழுந்து போகும்போது, "நீ வேணா முன்னாடி போறியா? ரொம்ப நாளாச்சே உனக்கு" என்றார். வேண்டாம் என்றேன். இப்போது ஜன்னலில் நின்று தன் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாக உனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறாய். ஏழு பேர். ஏழையும் எழுதிவிட்டாய்.

அடுத்தது நான்.

வலுசிம்பி